கதவு திறக்க இன்னும் நாள் இருக்கு

ஏப்ரல் 27, ஞாயிறு

போன வருஷம் கண்ணகி அம்மன் கோயில் சடங்கில கடைசியா வாற குளிர்த்தியில எடுத்த படங்களத் திரும்பவும் திறந்து பார்த்தன். 214 படம். ஒண்டுகூட உருப்படியா இல்ல. பந்தலுக்குள்ள ரெண்டு டியூப் லைட்டும் விளக்குச் சுடரும்தான் வெளிச்சம். கமராவோட வந்த கிட் லென்சக் கொஞ்சம் கிட்ட இழுத்தாலே எஃப் 5.6இல போய்க் குந்திடும், இந்த நம்பர் கூடினா உள்ள வாற வெளிச்சம் குறையும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓ 3200 வைச்சும் சட்டர் திறந்திருக்கிறது 1/8 செக்கன். 1/8இல ஆர் அசையாம நிக்கிறது, அதுவும் குளிர்த்தியில? மாமி கும்பத்தைப் பார்த்துக் கும்பிடுற படத்தில அவவுக்கு நாலு கை.

என்ர கெனன் 600டி 2011இல வந்த கமரா. குற்றம் அதிலதான் எண்டு நினைச்சாக் கொஞ்சம் நித்திரை வருது.

ஏப்ரல் 29, செவ்வாய்

6டி. பழசு. லென்ஸ் இல்லாம பொடி மட்டும். புல் ஃபிரேம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதே கதைதான்.

மே 1, வியாழன்

பாமசி லீவு. விடியத் தொடக்கம் கணக்கு.

6டி 2012இல வந்தது, 20.2 மெகாபிக்சல். என்ரய விட ரெண்டே ரெண்டு மெகாபிக்சல்தான் கூட, ஆனா சென்சர் பெரிசு, இருட்டில புள்ளி தெறிக்காது. நடுவில இருக்கிற போகஸ் புள்ளி நிலா வெளிச்சத்திலயும் பிடிக்குமாம். பிடிக்கட்டும். ஆனா என்ர கிட் லென்ஸ் அதில ஏறாது. சின்னச் சென்சருக்குச் செய்த லென்ஸ், மாட்டவே விடாது. அப்ப பொடியை வாங்கி மடியில வைச்சுக் கொண்டிருக்கிறதா?

உள்ள மிரர் இல்லாத கெனன் ஆர்பி கமரா நல்லம் எண்டு கூட்டாளி சொல்றான். 2019இல வந்தது, பாரமும் இல்ல. ஆனா பற்றரி 250 படத்தோட படுத்திடும். கோயிலில கண்ணகி வழக்குரை படிச்சு முடியவே நடுச்சாமம் ஆகும். பழைய லென்ஸ் போட நடுவில ஒரு வளையமும் வேணும். வளையத்துக்கும் காசு.

மனிசி தேத்தண்ணியோட வந்து எட்டிப் பார்த்தா. "இஞ்சேருங்க, அலுமாரிக்குள்ள இருக்கிறத என்ன செய்யப் போறீங்க?" மறுமொழி சொல்ல வாய் வரல்ல.

மே 3, சனி

கிளினிக் 19ஆம் திகதிக்குத் தள்ளிப் போட்டிருக்காங்க. ஏன் எண்டு மாமி கேக்கல்ல. நானும் கேக்கல்ல.

மே 4, ஞாயிறு

கொழும்புக் கடைக்காரன் 6டிட படம் ஆறு வட்ஸ்அப்பில அனுப்பினான். சட்டர் எத்தனை அடிச்சிருக்கு எண்டு கேட்டன். "குறைவுதான் அண்ணன், கலியாண வீட்டுக்கெல்லாம் போகாத கமரா."

நிக்கொன் எண்டா எத்தனையாவது படம் எண்டு ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எழுதி வைக்கும், ஒரு படத்தை வாங்கிப் பார்த்தாத் தெரிஞ்சிடும். கெனன் அப்பிடி இல்ல, வயர் குத்திக் கம்பியூட்டரிலதான் பார்க்கணும். 6டிட சட்டருக்கு ஒரு லட்சம் தரம் எண்டு சொல்லித்தான் கம்பனி வித்தது.

நாலாவது படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன். பிளாஷ் மாட்டுற தகடு. கறுப்புப் பெயின்ற் உரிஞ்சு, ரெண்டு ஓரமும் வெள்ளித் தட்டு மாதிரி மினுங்குது. ஒரு நாளைக்கு நாலு தரம் மாட்டிக் கழட்டினாத்தான் அப்பிடித் தேயும். கலியாண வீட்டுக்குப் போகாத கமராவுக்கு என்ன பிளாஷ்?

ஆனாலும் வேணாம் எண்டு சொல்லல்ல. "பார்ப்பம்" எண்டன்.

மே 6, செவ்வாய்

வாக்குப் போட்டாச்சு. விரல் மை வியூபைண்டரில பட்டுட்டு, துடைச்சாலும் போகுதில்ல.

மே 9, வெள்ளி

கரண்ட் இல்ல. சும்மா இருக்கேலாம டோர்ச்சைக் கிட் லென்சுக்குப் பின்னால பிடிச்சு முன்னால பார்த்தன். உள்கண்ணாடியில ஓரத்தில இருந்து நடுவுக்கு வெள்ளை நூல். ஒரு நூலில இருந்து ரெண்டு, ரெண்டில இருந்து நாலு. சின்னச் சிலந்தி குடியிருந்துட்டுப் போன மாதிரி. பங்கஸ்.

நவம்பர் வெள்ளத்தோட வந்திருக்கும். அப்ப கமராப் பையைப் பரணில தூக்கி வைச்சதோட சரி, ஒரு மாதம் திறக்கல்ல. அதுக்கு முதல் அரிசி டப்பாக்குள்ள வைச்சிருந்தன். அது இன்னும் மோசம், தவிட்டுத் தூசுதான் மிச்சம். வாவிக் காத்தடிக்கிற ஊரில, மூடி இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் வழி. நீல மணி ரோஸ் நிறமானா எடுத்துக் காயவைக்கணும். முன்னூறு ரூபாச் சாமான். அதை வாங்காத நான் ஒண்டரை லட்சத்துக்குக் கமரா தேடுறன்.

போன வருஷத்து மங்கலில பங்கஸ்ட பங்கு இல்ல, அப்ப அது வரவும் இல்ல. கிறுகிக் கிறுகி அதே 1/8இலதான் வந்து நிக்குது.

மே 12, திங்கள்

வெசாக். கடைக்காரன் பத்தாயிரம் குறைச்சிருக்கான். சட்டர் கணக்கு மட்டும் இன்னும் வரல்ல.

மே 19, திங்கள்

காலமை ஆறு மணிக்கு நம்பர் எடுத்தது, கூப்பிட்டது பதினொண்டரைக்கு. வாங்கில மாமிக்குப் பக்கத்தில இருந்தன். மேல் ஜன்னலால வந்த வெயில் எதிர்ச் சுவரில பட்டு அவட முகத்தில விழுது. பிளாஷ் போட்டு இப்பிடி ஒரு வெளிச்சம் எடுக்கேலாது. கண்ணுக்குக் கீழ நிழல் மெல்லிசா, மூக்குத்தியில மட்டும் ஒரு பொட்டு. 1/60, எஃப் 4, ஐஎஸ்ஓ 800 எண்டு மனசுக்குள்ள வைச்சுப் பார்த்துக் கொண்டிருந்தன். பக்கத்து அறைக்குள்ள பெயர் பெயராக் கூப்பிடுறாங்க. அவட பெயரக் கூப்பிட்டது எனக்குக் கேக்கல்ல. அவதான் என்ர கையைத் தட்டினா.

டொக்டர் ஸ்கான் எழுதித் தந்தார். இஞ்ச எண்டா ரெண்டு மாதம் ஆகும், கெதியா வேணுமெண்டா கொழும்பில வெளிய எடுக்கட்டாம்.

திரும்பி வரக்குள்ள கல்லடிப் பாலத்தில மாமி ஓட்டோவை மெதுவா விடச் சொன்னா. பக்கத்தில பழைய பாலத்தில ஒரு பொடியன் வீச்சுவலையை உதறிக் கொண்டு நிண்டான். அதையே பார்த்துக் கொண்டு, "கோயில் கதவு திறக்க இன்னும் எத்தனை நாள் மகன்?" எண்டா.

பதினைஞ்சு எண்டு சொன்னன்.

மே 20, செவ்வாய்

பதினாலு.

மே 23, வெள்ளி

எஃப் 5.6இல இருந்து 1.8க்கு வந்தா வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. 1/8, 1/80 ஆகும். அதே 600டி, அதே ஐஎஸ்ஓ, அதே பந்தல். இந்தக் கணக்கு ஏப்ரலிலயே தெரியும். தெரிஞ்சும் 6டிட பக்கத்தத்தான் ஒவ்வொரு ராத்திரியும் திறந்தன்.

மே 25, ஞாயிறு

மனிசிட சீட்டு விழுந்தது. காசை எண்ணி ரெண்டு ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி, மாமிட கிளினிக் கொப்பிக்குள்ள வைச்சா. நான் பார்த்துக் கொண்டு நிண்டது அவவுக்குத் தெரியும். ஒண்டும் பேசல்ல. கடைக்காரனுக்கு "வேணாம்" எண்டு அனுப்பினன். அவன் கட்டைவிரல் காட்டினான்.

மே 28, புதன்

கொழும்புக்குப் போய் வந்தாச்சு. மாமிக்குப் பஸ்ஸில ரெண்டு தரம் சத்தி.

மே 29, வியாழன்

50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ், பழைய ரெண்டாவது வகை, ரவுணில ஒருத்தர்ட்ட 12,000. மாட்டுற வளையம்கூடப் பிளாஸ்ரிக். 130 கிராம்தான், கையில எடுத்தா விளையாட்டுச் சாமான். போகஸ் ஆகக்குள்ள தேங்காய் துருவுற சத்தம். டோர்ச் அடிச்சுப் பார்த்தன், நூல் இல்ல.

சாமி அறை விளக்கில வைச்சுப் பார்த்தன். எஃப் 2.8இல பின்னுக்கு இருக்கிற சுடர் ஐங்கோணமா விழுது, உள்ள இருக்கிறது அஞ்சே அஞ்சு இதழ். 1.8இல வட்டமாகிடும். ஆனா 1.8இல கண்ணுக்குப் போகஸ் வைச்சாக் காது இல்ல. என்ர சின்னச் சென்சரில இது 80 மில்லிமீற்றர் மாதிரிக் கிட்டக் காட்டும், பின்னுக்குப் போகணும். அந்தச் சனத்துக்குள்ள பின்னுக்கு எங்க போறது?

மே 31, சனி

மாமி குசினி வாசலில இருந்து முருங்கை இலை உருவினா. கிணத்தடியால வந்த பின்னேர வெளிச்சம். எடுத்தன். இருபது, முப்பது. "என்ன மகன், கிறுகிக் கிறுகி எடுக்கிறீங்க? அம்மனை எடுங்க." பதினோராவது படத்தில அவட கை ரெண்டு. ரெண்டேதான். நகத்துக்குள்ள பச்சை தெரியுது.

அவவுக்குக் காட்டல்ல. அதில எவ்வளவு மெலிஞ்சிருக்கா எண்டும் தெரியுது.

ஜூன் 2, திங்கள்

கோயில்ல பூசை செய்யிற கட்டாடியாரிட்டக் கேட்டாச்சு. திரைக்கு இஞ்சால நிண்டு எடுக்கலாம், பிளாஷ் அடிக்கக் கூடாது. ரிப்போட் வியாழக்கிழமை. மாமி வெள்ளைச் சீலையைத் தோய்ச்சுக் கச்சான் காத்தில காயப் போட்டு, நாலு தரம் போய்த் தொட்டுப் பார்த்துட்டா.

ஒரு பற்றரி பச்சை ஆகிட்டு. மற்றதை இப்பதான் போட்டிருக்கன்.