பனிக்கு அடியில் பாசி அறுவடை

மார்ச் கடைசியில் ஓபர்குர்கலுக்குப் போனேன். ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலத்தில், ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் கடைசி ஊர்களில் ஒன்று. 1,900 மீட்டர் உயரம். பஸ்ஸில் வந்த எல்லோரும் பனிச்சறுக்குக்கு வந்தவர்கள். எனக்கு வேண்டியது, ரோட்மோஸ் பனியாற்றிலிருந்து இறங்கிவரும் ஓடை.

கரையெல்லாம் முட்டியளவு பனி. நடுவில் மட்டும் திறந்து கிடந்த நீர் கண்ணாடி மாதிரி தெளிவு. அதற்குள் கற்களின் மேல் பழுப்பு நிறக் குஞ்சங்கள் நீரோட்டத்தோடு அசைந்தன. ஒன்றைக் கிள்ளினேன், விரலில் வழவழவென்று ஒட்டியது. முகர்ந்தால் அப்படியே கருவாட்டு வாடை!

இதுதான் ஹைட்ரூரஸ் ஃபீட்டிடஸ். பிரெஞ்சுத் தாவரவியலாளர் வில்லார் 1789-லேயே விவரித்துவிட்ட பாசி. கண்ணுக்குத் தெரியாத செல்கள் கூழ் போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. குஞ்சம் ஒரு அடி வரைகூட வளரும். செல்லின் சவ்வு குளிரில் விறைத்துப்போகாமல் காப்பவை அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்புகள். அவை சிதையும்போதுதான் அந்த வாடை. ஓடையில் வாழும் டயமீசா என்ற கொசு போன்ற பூச்சியின் புழுக்களுக்கு இந்தப் பாசி நல்ல தீனி.

குளிர்காலம் என்றால் எல்லாம் உறங்கிக் கிடக்கும் என்று நினைப்போம். பனியாற்று ஓடையில் கதையே வேறு. கோடையில் பனியாறு உருகி வெள்ளமாக வரும். அரைபட்ட பாறைத்தூள் கலந்து நீர் பாலாக வெளுத்துவிடும். வெளிச்சம் அடிவரை இறங்காது, உருளும் கற்கள் பாசியைத் தேய்த்தெடுத்துவிடும். குளிரில் உருகுவது நிற்கிறது. நிலத்தடி ஊற்று மட்டும் ஓடையை ஓட்டுகிறது: அளவான, தெளிந்த, உறையாத நீர். பாசிக்கு அதுதான் நல்ல காலம். ஒரே இடைஞ்சல், மேலே தடித்து மூடும் பனி; அதற்கடியில் வெளிச்சம் போதாது. அதனால்தான் பனி விலகத் தொடங்கும் இந்த வாரங்களில் இத்தனை செழிப்பு. நீர் 10, 12 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பாசி காணாமல் போய்விடும் என்பதை நினைத்தால், வெப்பமாகிவரும் ஆல்ப்ஸில் இதன் கதி என்ன ஆகுமோ என்று உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உருகல் வெள்ளம் தொடங்குமுன் போய்விடுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கையை அன்று காலையே பார்த்துக்கொள்ளுங்கள். பாசி படிந்த கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள். பயங்கர வழுக்கல், அதோடு அந்தப் புழுக்களின் சாப்பாடும் அதுதான்.