சலாஹுத்தீன் பேசிய பேரம்

எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி, ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் சிலுவைப் படையிடமிருந்து ஜெருசலேமை மீட்டதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக அவருடைய மன்னிப்பில் போய் நிற்கிறார்கள். அது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் நடந்த பேரத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த மனிதரில் பாதி காணாமல் போய்விடுகிறது என்று எனக்குப் படுகிறது.

1187 ஜூலை 4, திபேரியா நகரத்துக்குப் பக்கத்தில் ஹித்தீன் போர். சஃப்பூரியாவின் நீரூற்றுக்குப் பக்கத்தில் வசதியாக இருந்த சிலுவைப் படையை, திபேரியாவைத் தாக்கி வெளியே இழுத்தார் சலாஹுத்தீன். போக வேண்டாம் என்று ஜெருசலேமின் கிறிஸ்தவ மன்னரிடம் சொன்னவர் அவர் பக்கத்துப் பிரபு ரேமண்ட், அதுவும் முற்றுகைக்குள் சிக்கியிருந்தது அவருடைய சொந்த மனைவி. மன்னர் கேட்கவில்லை. ஜூலை வெயிலில், குடிக்கத் தண்ணீர் இல்லாத மேட்டில், அந்த ராஜ்யத்தின் படை மொத்தமாக முடிந்தது. பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படைகளின் வீரர்களை வெட்டச் சொன்னதும் இதே சலாஹுத்தீன்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் செப்டம்பர் 20-ல் ஜெருசலேம் முற்றுகை. 1099-ல் சிலுவைப் படை உள்ளே நுழைந்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்ததற்குப் பதில் சொல்வதாகத்தான் முதலில் இருந்தார். மதில் உடைந்த நிலையில் நகரத்தின் காவலுக்குத் தலைமை தாங்கிய பேலியன் வந்து, உயிருக்கு உத்தரவாதம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டு அக்ஸா பள்ளிவாசலையும் இடித்துவிட்டுத்தான் சாவோம் என்றார். அங்கேதான் பேரம் தொடங்கியது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, ஏழைகளில் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000. அக்டோபர் 2-ல் நகரம் கைமாறியது. தம்பி அல் ஆதில் 1,000 பேரைத் தனக்கென்று கேட்டு வாங்கி விடுதலை செய்தார், சலாஹுத்தீனும் பலரைச் சும்மா போக விட்டார், அப்படியும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்ட முடியாமல் அடிமைகளானார்கள்.

எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தலைமைப் பாதிரியார் ஹெராக்ளியஸ் தனக்குரிய 10 தினாரைக் கட்டிவிட்டு தேவாலயச் செல்வத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார், கூட இருந்தவர்கள் அதைப் பறிக்கச் சொல்கிறார்கள், கொடுத்த வாக்கை முறிக்க மாட்டேன் என்று சலாஹுத்தீன் மறுத்துவிடுகிறார்.

இதற்கு விலை இருந்தது. சரணடைந்த ஊர்களிலிருந்து போக விட்டவர்கள் பலர் சிலுவைப் படையின் கையில் இருந்த டயர் என்ற துறைமுக நகரத்தில் போய்ச் சேர்ந்தார்கள், அந்தத் துறைமுகத்தை அவரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. முற்றுகையிட்டு இரண்டு வருடம் போராடி 1191-ல் அக்கா நகரத்தைச் சிலுவைப் படை திரும்பப் பிடித்தது டயரின் பலத்தில்தான். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் இதற்காக அவரையே குற்றம் சொல்கிறார்.

நான் அதை ஏற்கவில்லை. 1187 கோடையில் அக்கா, சைதா, அஸ்கலான் எல்லாம் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தது, இவர் சொன்னால் செய்வார் என்று நம்பித்தான். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக மதிலை உடைக்க வேண்டியிருந்திருக்கும், ஜெருசலேம் வாசலுக்கு அந்த வருடமே வந்து சேர்ந்திருக்க முடியுமா என்பதே சந்தேகம்.