ஒரே கம்பவுண்ட், ஐந்து பேட்: கறுப்புக் காரில் செய்து பார்த்த அனுபவம்

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

காலையில் காரைக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, போர்ட்டிகோ நிழலில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது. கீறல்கள் வட்டமாக விழுந்தவை அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது.

அப்பா 2012-இல் வாங்கிய கறுப்பு வண்டி இது. பன்னிரண்டு வருடம், அநேகமாக ஒவ்வொரு காலையும், பனியன் வேஸ்டால் தூசி தட்டித் துடைக்கப்பட்ட வண்டி. அப்பா பாசத்தோடுதான் துடைத்தார். ஆனால் தூசியில் இருக்கும் மணல் துகள் துணியின் அடியில் மாட்டிக்கொண்டால் துணியே உப்புத்தாள் ஆகிவிடுகிறது. அந்தக் கறுப்பைப் பழைய ஆழத்தோடு அவர் கண்ணில் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நண்பரிடம் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். பானெட்டில் 105 முதல் 115 மைக்ரான் வரை. டாப்பில் 100. இடது பின்கதவில் மட்டும் 240. ஒருமுறை இடித்ததில் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த கதவு அது. 100 மைக்ரான் என்பது நாம் அச்சடிக்கப் பயன்படுத்தும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன். பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். கிளியர் கோட் மட்டும் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். பாலிஷ் என்று நாம் சொல்வது, கம்பவுண்ட் என்னும் தேய்க்கும் பசையை வைத்து, மெஷினில் மாட்டிய பேட் என்னும் மெத்தையைச் சுற்றவிட்டு அந்த அடுக்கைத் தேய்த்துக் குறைப்பதுதான். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. ஆகவே எந்தப் பேட் என்ற கேள்வியை அவசரமாக முடிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 4, சனி

பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய கறுப்பு பானெட் வாங்கி வந்தேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது, மற்றபடி நல்ல பரப்பு. பழகுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மெஷினை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் தயவுசெய்து சொந்த வண்டியில் தொடங்க வேண்டாம்.

தெருமுனைப் பட்டறையில் இருக்கும் பெயின்டர் அண்ணனிடம் யோசனை கேட்டேன். "கம்பளிப் பேட் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினால் எல்லாம் போய்விடும் தம்பி" என்றார். அவர் வேலைக்கு அது சரி. புதிதாகப் பெயின்ட் அடித்து, 2000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்த பிறகு, அந்தத் தாளின் தடத்தை நீக்க அவருக்குக் கம்பளியின் வேகம் வேண்டும். அவரிடம் இருப்பது ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின். என்னிடம் இருப்பது சுற்றிக்கொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் வகை, 15 மில்லிமீட்டர் ஆட்ட வீச்சு, பேட் ஒட்டும் 5 அங்குலத் தட்டு. ரோட்டரியில் கம்பளி போட்டு, பிறகு மென்மையான பேடால் முடிக்காமல் விட்டால், வெயிலில் பார்க்கும்போது மீன் செதில் போல நிழல் நிழலாகத் தடம் தெரியும். அண்ணனும் அதை ஒப்புக்கொண்டார். "கறுப்பில் அது காட்டிக்கொடுத்துவிடும்" என்றார்.

பேட் வாங்கப் போனபோது என்னைக் குழப்பியது நிறம். மஞ்சள் என்றால் இவ்வளவு கடினம், கறுப்பு என்றால் இவ்வளவு மென்மை என்று பொது விதி இருக்கும் என நம்பிப் போனேன். அப்படி ஒன்று இல்லை. லேக் கன்ட்ரி பேட்களில் மஞ்சள் என்பது வெட்டும் பேட், கடினமானது. ரூபெஸ் பேட்களில் மஞ்சள் என்பது மெருகுக்கான மென்மையான பேட். அங்கே நீலம்தான் கடினம். ஒரு நிறுவனத்தின் நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு நிறுவனத்தின் பேடை வாங்கினால் காரின் மேல் நேர் எதிரான வேலை நடந்துவிடும். அதனால் கடையில் நிறத்தை மறந்துவிட்டு விரலால் சோதித்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கி மெதுவாக எழும்புவது மென்மை. அமுங்கவே மறுத்து உடனே எழும்புவது கடினம். பிறகு வெளிச்சத்தில் பிடித்து ஃபோமின் கண்களைப் பார்த்தேன். துளைகள் பெரிதாகத் திறந்திருந்தால் காற்று ஊடாடும், சூடு தேங்காது. நெருக்கமாக மூடியிருந்தால் கம்பவுண்ட் மேலேயே நிற்கும், ஆனால் சூடு வெளியேறத் தாமதமாகும்.

கடைசியில் ஐந்து வகை வாங்கினேன்: குட்டை முடிக் கம்பளி, மைக்ரோஃபைபர், கடின ஃபோம், நடுத்தர ஃபோம், மென்மை ஃபோம்.

ஜனவரி 5, ஞாயிறு

பழைய பானெட்டில் முதல் நாள். இரண்டு தவறுகள், இரண்டும் பேட் தொடர்பானவை.

ஒன்று, பேடை வெல்க்ரோவில் ஒட்டும்போது கால் அங்குலம் விலகி ஒட்டிவிட்டேன். பேட் எப்போதும் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குலப் பேட். அந்த ஓர இடைவெளி தட்டு பெயின்டில் படாமல் காப்பதற்காக இருக்கிறது. நான் விலக்கி ஒட்டியதில் ஒரு பக்கம் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. நசுங்கிய மூலையில் மெஷின் சாய்ந்தபோது தட்டின் விளிம்பு பெயின்டில் பட்டு, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்தது.

இரண்டாவது சூடு. ஒரே பேடை ஓய்வில்லாமல் இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். ஓரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, நடுப்பகுதி கை வைக்க முடியாமல் கொதித்தது. பிறகு கழற்றும்போது ஃபோம் தனியாக, வெல்க்ரோ தனியாகக் கையோடு வந்தது. உள்ளே இருந்த பசை இளகிவிட்டிருந்தது. சில பேட்களில் நடுவில் துளை விட்டிருப்பது ஏன் என்று அப்போது புரிந்தது.

ஒரு பயனுள்ள பழக்கமும் அன்று கைவந்தது. தட்டின் விளிம்பில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் அதிகமாக அழுத்தினாலோ வளைவில் சாய்த்தாலோ பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. கோடு சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று உண்மையான சோதனை, எங்கள் காரின் பானெட்டில். கிளே பார் என்னும் களிமண் கட்டியால் தேய்த்து, ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் எடுத்த பிறகு, மாஸ்கிங் டேப்பால் ஒவ்வொன்றும் ஓர் அடியாக நான்கு சதுரங்கள் கட்டினேன். கடின ஃபோமைப் பழைய பானெட்டிலேயே பார்த்துவிட்டேன். நடுத்தர ஃபோமைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்டியது, ஆனால் வளைவில் உட்காரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன். மற்ற நான்குக்கும் அதே கம்பவுண்ட், அதே வேகம், குறுக்கும் நெடுக்குமாக நான்கு ஓட்டம், ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதன் மேல் பாதி படியும்படி. மாறியது பேட் மட்டும்.

பயறு அளவில் நான்கு சொட்டு வைத்து ஓட்டினேன். முடிந்ததும் துடைத்துப் பார்த்தால் நான்கு சதுரமும் அற்புதமாக இருந்தன. அதை நம்பக் கூடாது என்று படித்திருந்தேன். கம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலில் புகுந்து அதை மறைத்து நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தெளித்து, புதிய துணியால் எண்ணெயை எடுத்துவிட்டு மறுபடி டார்ச் அடித்தேன்.

கம்பளிச் சதுரத்தில் ஒரு சிலந்தி வலைக் கோடுகூட இல்லை. ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் வெண்மை படர்ந்திருந்தது. மைக்ரோஃபைபரிலும் ஏறத்தாழ அதே வெட்டு. படலம் மெல்லியது, ஆனால் உற்றுப் பார்த்தால் நூல் நூலாகக் கோடு. இரண்டிலும் வேலை செய்வது கம்பவுண்ட் மட்டுமில்லை. இழைகளும் சேர்ந்து பெயின்டைத் தேய்க்கின்றன. கடினமான கிளியர் கோட் அதைத் தாங்கும். எங்கள் வண்டியின் பெயின்ட் மிருதுவானது என்பது இந்த இரண்டு சதுரங்களிலேயே தெரிந்துவிட்டது.

மென்மை ஃபோம் சதுரம் பளபளத்தது, கீறல்களும் பளபளத்தன. பாதிகூடப் போகவில்லை.

நடுத்தர ஃபோம் சதுரத்தில் டார்ச்சை வைத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. விளக்குப் புள்ளியைச் சுற்றி வலை இல்லை. கறுப்புக்குள் விளக்கு மூழ்கிக் கிடப்பது போல் இருந்தது. தனித்தனியாக ஐந்தாறு ஆழமான கோடுகள் மிஞ்சியிருந்தன. அவற்றையும் எடுக்கலாம், அதற்குக் கம்பளி வேண்டும், கிளியர் கோட்டை இன்னும் இழக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்த வண்டி இன்னும் பல வருடம் வெயிலில் நிற்க வேண்டும். அந்த அடுக்கு அதற்குத் தேவை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "ஷோரூமில் இப்படித்தான் இருந்தது" என்றார். வழக்கப்படி துணியை எடுக்கப் போன கையைத் தானே நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 13, போகி

விடிவதற்குள் கார் முழுவதும் சாம்பல். துடைக்காமல், தண்ணீரை மட்டும் பீய்ச்சி இறக்கினேன். இன்று வேறு வேலை இல்லை.

ஜனவரி 15 முதல் 19 வரை

பொங்கல் விடுமுறையில் பானெட் முழுவதும், இரண்டு ஃபெண்டர்கள், வலது பக்கக் கதவுகள் இரண்டும் முடிந்தன. வெயில் ஏறுவதற்குள், காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் வேலை. தகடு சூடானால் கம்பவுண்ட் காய்ந்து மாவாகப் பறக்கிறது.

பேட் தேர்வில் நான் யோசிக்காமல் விட்டது எண்ணிக்கை. நடுத்தர ஃபோம் ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருந்தேன். மூன்றாவது பகுதிக்கு வரும்போதே அது கனத்துவிட்டது. தேய்ந்துபோன பெயின்டும் பழைய கம்பவுண்டும் ஃபோமின் கண்களை அடைத்துக்கொள்ள, முதல் பகுதியில் நான்கு ஓட்டத்தில் நடந்த வேலைக்கு இங்கே ஏழு வேண்டியிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு நைலான் பிரஷ்ஷால் துடைத்தேன், புளோயரால் ஊதினேன், ஓரளவுதான் மீண்டது. மறுநாள் இன்னும் ஐந்து வாங்கி வந்தேன். இரண்டு பகுதிக்கு ஒரு பேட், ஆறவிட்டு அடுத்தது என்று மாற்றி மாற்றிப் போட்டதும் வெட்டு ஒரே சீராக வந்தது. ஐந்து வகையில் ஒவ்வொன்று வாங்கியதற்குப் பதில், தேவையான ஒரு வகையில் ஆறு வாங்குவது எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஒரு வகை எது என்று கண்டுபிடிக்க முதலில் ஒவ்வொன்று வேண்டும் என்பதும் உண்மை.

புதிதாக வாங்கிய ஐந்தில் இரண்டு, தடிமனில் பாதிதான் இருந்தன. முதலில் ஏமாந்ததாக நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் அவைதான் நன்றாக வெட்டின. தடித்த ஃபோமில் மெஷினின் ஆட்டத்தில் ஒரு பகுதி ஃபோமுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. மேலே தட்டு ஆடுகிறது, கீழே பெயின்டைத் தொடும் முகம் அவ்வளவு ஆடுவதில்லை. மெல்லிய பேடில் ஆட்டம் முழுவதும் கீழே இறங்குகிறது, சூடும் குறைவு. ஃபெண்டர் வளைவில் மட்டும் தடித்ததுதான் படிந்து உட்கார்ந்தது.

வெட்டி முடித்த எல்லாப் பகுதிகளுக்கும் மென்மை ஃபோமில் நுண்ணிய மெருகு பாலிஷ் போட்டு ஒருமுறை ஓட்டினேன். சோதனையில் தோற்ற அதே பேட் இங்கே மற்ற எதுவும் செய்ய முடியாததைச் செய்தது. மெருகு போடாத இடத்துக்கும் போட்ட இடத்துக்கும் நடுவே டேப் கோடு விட்டுப் பார்த்தேன்: ஒரு பக்கம் சுத்தமான கறுப்பு, மறுபக்கம் ஈரமான கறுப்பு.

ஜனவரி 26, ஞாயிறு

இடது பின்கதவு, அந்த 240 மைக்ரான் கதவு. தடிமன் இருக்கிறதே என்று தைரியமாக அதே நடுத்தர ஃபோம், அதே கம்பவுண்டோடு போனேன். இரண்டாவது ஓட்டத்திலேயே கம்பவுண்ட் பிசின்போல உருண்டு ஒட்டியது, துடைத்தால் மங்கல். தொழிற்சாலையில் அதிகச் சூட்டில் வேகவைத்த பெயின்டும் பட்டறையில் அடித்த பெயின்டும் ஒன்றல்ல என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே காரில் இரண்டு பெயின்ட் இருந்தால் இரண்டு சோதனைச் சதுரம் வேண்டும். ஜன்னலுக்குக் கீழே மறுபடி டேப் கட்டி, மென்மை ஃபோமும் மெருகு பாலிஷும் மட்டும் வைத்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். சிலந்தி வலை போய்விட்டது. இந்தக் கதவுக்கு அந்த ஒன்றே போதும்.

பம்பருக்கு 3 அங்குலச் சின்னப் பேட் வாங்கியிருக்கிறேன். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது. ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் கருகிவிடும். அதைத் தனியாக ஒரு காலையில், அவசரமில்லாமல் செய்ய வேண்டும். மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெலிதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டி மெஷினே படாமல் விட்டுவிட்டேன். டிக்கி ஓரத்துக்கும் அப்படித்தான்.

பேட்களை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுப் பிசைந்து அலசி, முகம் கீழாக நிழலில் காயவைத்திருக்கிறேன். சென்னை ஈரக் காற்றில் ஃபோம் உள்வரை காய இரண்டு நாள் ஆகிறது. ஈரத்தோடு மெஷினில் மாட்டினால் கம்பவுண்ட் நீர்த்துப்போகும், ஃபோமும் தளர்ந்து கிழியும்.

டாப்பும் மிச்சம் இருக்கிறது. 100 மைக்ரான் என்பதால் அங்கே முதலில் மென்மை ஃபோமைத்தான் வைக்கப் போகிறேன். அடுத்த ஞாயிறு ஏணியைப் பிடித்துக்கொள்ள அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.