தம்பியோடு போன தோட்டப் பயிற்சி

என் தம்பிக்கு 27 வயது. கற்றல் குறைபாடு உள்ளவன். எழுத்துகள் தெரியும், ஆனால் ஒரு வாக்கியத்தை வாசித்துப் புரிந்துகொள்வது சிரமம். இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். படிப்புக் காலம் முடிந்தபிறகு அவன் போய்வர ஓர் இடம் இல்லை. ஒரு சமூகத் தோட்டத்தில் இவனைப் போன்றவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்ததும் சேர்த்துவிட்டோம். துணைக்கு நான் போனேன். இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேரும்போது அவனுடைய அறிவுத்திறன் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. எந்தச் சத்தம் பிடிக்காது, ‘வேண்டாம்’ என்பதை எப்படித் தெரிவிப்பான், களைத்துவிட்டால் எப்படித் தெரியும் என்றுதான் கேட்டார்கள். அதையும் என்னிடம் கேட்காமல் அவனிடமே கேட்டார்கள். அப்புறம் உடல்நல விவரங்கள். டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது, அதனால் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. வலிப்பு உள்ள யாரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்பது அங்கே விதி. சில மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு வெயில் சட்டென்று தோலைச் சுட்டுவிடும். ஆகவே மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிக் கேட்டு வரச் சொன்னார்கள். நீங்கள் போகும் இடத்தில் இதையெல்லாம் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பயிற்சியின் உயிர், வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதில் இருந்தது. ‘நாற்று நடு’ என்பது நமக்கு ஒரே வேலை. அங்கே அது குழி தோண்டுவது, நாற்றுத் தட்டைத் தலைகீழாகப் பிடிப்பது, அடியில் தட்டுவது, வேர்க்கட்டியோடு எடுப்பது, குழியில் வைப்பது, மண்ணைத் தள்ளுவது, அழுத்துவது, நீர் ஊற்றுவது என்று பிரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படஅட்டை. கற்றுத்தருவதையும் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார்கள். முன்படிகளைப் பயிற்சியாளர் செய்துவிடுவார், நீர் ஊற்றுவது மட்டும் தம்பியின் வேலை. அது கைவந்ததும் அழுத்துவதும் ஊற்றுவதும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, வேலையை முடித்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைத்தது. பாதியில் விட்டுவிட்டு உட்காரும் பழக்கம் அங்கே வரவே இல்லை.

விதைகளையும் யோசித்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பீன்ஸும் சூரியகாந்தியும் விரலில் பிடிக்க வசதியான பெரிய விதைகள். முள்ளங்கி நான்கைந்து நாளில் முளைத்துவிடும், ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். கேரட் முளைக்கவே இரண்டு, மூன்று வாரம் ஆகலாம் என்பதால் அதைத் தள்ளிவைத்தார்கள். விதைத்ததை மறப்பதற்குள் முளை தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான்.

நீர் ஊற்றுவதுதான் பெரிய பாடம். தம்பிக்குப் பூவாளி கையில் கிடைத்தால் காலியாகும்வரை ஊற்றுவான். அளவாக ஊற்று என்றால் அவனுக்குப் புரியாது, யாருக்குத்தான் புரியும்? பயிற்சியாளர் அதை ஒரு கேள்வியாக மாற்றினார். விரலை முதல் கணுவரை மண்ணுக்குள் விடு. மண் ஒட்டினால் ஊற்றாதே, ஒட்டாவிட்டால் ஊற்று. பூவாளியில் ஒரு சிவப்புக் கோடு; அதற்கு மேல் நிரப்பக் கூடாது. அவ்வளவுதான். முதலில் கையைப் பிடித்துக் காட்டினார், பிறகு விரலால் சுட்டினார், பிறகு அருகில் நின்றார், அப்புறம் விலகிப்போனார். ஒருநாள் நான் பூவாளியை எடுத்தபோது தம்பி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒட்டுது, வேண்டாம்” என்று வாங்கிக் கீழே வைத்துவிட்டான்.

களை எடுப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் சின்னச் செடிகளெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கயிறு கட்டி நேர்வரிசையில் விதைத்து, இரண்டு கயிறுகளுக்கு நடுவில் முளைப்பதை மட்டும் பிடுங்கச் சொன்னார்கள். கயிற்றை ஒட்டி முளைப்பதில் இன்னும் குழம்புகிறான். அதற்கு ஒரு துணை தேவைப்படுகிறது, இருக்கட்டும்.

ஒரு பெண்ணுக்கு ஈரமண் கையில் பட்டாலே தாங்காது. வற்புறுத்தவில்லை. காய்ந்த மட்கு உரத்தைச் சலிப்பதும் பெயர்க்குச்சிகளுக்கு வண்ணம் தீட்டுவதும் அவருடைய பொறுப்பு ஆயின.

எனக்கு வருத்தம் தந்தது, தோட்டத்துக்கு வரும் மற்றவர்களில் சிலருடைய அன்புதான். “பாவம், குழந்தை” என்று சொல்லிக் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கித் தாங்களே கொத்திவிடுவார்கள். பயிற்சியாளர் பேசிப் பேசித்தான் அது குறைந்தது. அவன் குழந்தை இல்லை, வேலை கற்கும் ஆண். மெதுவாகச் செய்வான், அவ்வளவுதான். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வு கிடையாது. வேலை செய்யும்போது பார்த்து, படம் எடுத்து, யார் துணையும் இல்லாமல் செய்தவை எவை, துணையோடு செய்தவை எவை என்று குறித்துச் சான்றிதழ் தந்தார்கள். ஆனால் சேர்வதற்கு முன்பே நான் கேட்ட கேள்வி வேறு: பயிற்சி முடிந்தபிறகு அவனுக்கு இங்கே இடம் உண்டா? சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கற்றது சில மாதங்களில் கரைந்துபோகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யும் உரிமையைச் சொல்கிறது. அதை மனத்தில் வைத்தே கேட்டேன். அவர்கள் ஒரு பாத்தியை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், வாரத்தில் இரண்டு காலை அவன் முறை. கத்தரிக்கோலால் கிளை நறுக்குவது இன்னும் வரவில்லை, அடுத்த பருவத்தில் அதைக் கற்கப் பெயர் கொடுத்திருக்கிறான். படிவத்தில் தன் பெயரை அவனே எழுதினான்.