மொயரே: ஒரே கேட்டலாக், இரண்டு காரணம்

ஆடை கேட்டலாக் ஒன்று, நான்கு கலர், 150 லைன் ஸ்கிரீன் (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை). மெஷினில் ஏறிய முதல் ஷீட்டிலேயே சாம்பல் நிறக் கோட் முழுக்க அலை அலையாகப் பட்டை. வேறொரு பக்கத்தில் மாடலின் கன்னத்தில் மணல் தூவிய மாதிரி ஒரு சொரசொரப்பு. அச்சுக்கு முன் இங்க்ஜெட்டில் எடுத்த மாதிரிப் பிரதியில் (புரூஃபில்) இரண்டுமே இல்லை. இருக்கவும் இருக்காது. இங்க்ஜெட் தன் போக்கில் புள்ளி தெளிக்கும், அச்சு பிளேட்டில் வரிசையாக விழும் புள்ளியை (டாட்டை) அது காட்டாது.

சீரான இரண்டு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது எழும் இந்த மாதிரிப் பட்டைக்குத்தான் மொயரே என்று பெயர். மொயரே என்றதும் எல்லோரும் சொல்வது "ஆங்கிளைப் பாரு", அதாவது ஒவ்வொரு கலரின் டாட் வரிசையும் சாயும் கோணத்தை. பார்த்தேன். சயான் 15, மெஜந்தா 75, யெல்லோ 90, கருப்பு 45. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு லேஅவுட் சாஃப்ட்வேரில் ஆங்கிளை மாற்றி அனுப்பினாலும் பிளேட்டில் துளி மாற்றமில்லை. எங்கள் ரிப் (ஃபைலைப் பிளேட்டுக்கான டாட்டாக மாற்றும் சாஃப்ட்வேர்) உள்ளே வரும் ஸ்கிரீன் செட்டிங்கைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதையே போடும். ஆகவே எதை மாற்றினாலும் ரிப்பில்தான் மாற்றவேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் உருப்படியான சோதனை ஒன்றுதான்: ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பது. ஒரு கலரிலேயே பட்டை தெரிந்தால் தகராறு படத்துக்கும் ஸ்கிரீனுக்கும். இரண்டு கலர் சேர்ந்தால்தான் தெரிகிறது என்றால் தகராறு அந்த இரண்டு ஸ்கிரீனுக்கும் இடையில்.

கோட்டின் பட்டை கருப்பில் மட்டுமே பளிச்சென்று தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்ததும் புரிந்தது. துணி ட்வில் நெசவு. அதன் சாய்வு வரி ஏறக்குறைய 45 டிகிரி, இடைவெளியும் ஸ்கிரீன் இடைவெளிக்குப் பக்கத்தில். கருப்பு டாட்டும் அதே சாய்வில் ஓடுகிறது. ஃபைலை 100 சதவீதத்தில் திறந்தபோது அலை எதுவும் இல்லை என்பதால் கேமராவைக் குறை சொல்ல வழியில்லை. (பாதி ஜூமில் பார்த்துவிட்டு அலை இருக்கிறது என்று பதறக்கூடாது. அது மானிட்டர் பிக்சல் செய்யும் வேலை.)

ஸ்கிரீனை 175 ஆக்கலாம் என்றால் பேப்பர் தாங்காது. எஃப்எம் ஸ்கிரீன் (டாட்டை ஒழுங்கில்லாமல் சிதறவிடும் முறை) போட்டால் வரிசையே இல்லாததால் மொயரே போய்விடும். ஆனால் டாட் கெயின் (பேப்பரில் புள்ளி விரிவது) கூடும், அதைச் சரிக்கட்டும் கர்வ் எங்களிடம் இல்லை. கடைசியில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கோட் பகுதியில் கருப்பு சேனலை மட்டும் லேசாக பிளர் செய்தேன். நெசவு மற்ற மூன்று கலரிலும் இருப்பதால் துணி துணியாகவே தெரிந்தது. பட்டை போனது.

கன்னம் வேறு கதை. எந்தத் தனிக் கலரிலும் குறையில்லை. மெஜந்தா மேல் யெல்லோ விழுந்ததும் சொரசொரப்பு வந்துவிட்டது. டாட் கட்டம் 90 டிகிரிக்கு ஒருமுறை தன்னையே திருப்பிக்கொள்வதால், மூன்று அடர் கலருக்கு 30 டிகிரி இடைவெளி கொடுத்த பிறகு யெல்லோவுக்கு 15தான் மிச்சம். 150 லைனில் 30 டிகிரி வித்தியாசம் தரும் பேட்டர்ன் சுமார் 0.33 மில்லிமீட்டர், அது ரோசெட்டில் (கலர் டாட்கள் சேர்ந்து உண்டாக்கும் சின்னப் பூ வடிவில்) கலந்துவிடும். 15 டிகிரி என்றால் 0.65. யெல்லோ வெளிர் கலர் என்பதால் பல படங்களில் இது கண்ணில் படாது. தோல் நிறமோ முழுக்க இந்த இரண்டு கலராலேயே ஆனது. அதுவும் கன்னம் போல வழவழப்பான இடம் என்றால் ஒளிய இடமே இல்லை.

இதற்கு மருந்து பழையதுதான்: மெஜந்தாவை 45க்கும் கருப்பை 75க்கும் மாற்றுவது. மெஜந்தாவுக்கும் யெல்லோவுக்கும் 45 டிகிரி கிடைக்கும். யெல்லோவுக்கு அருகில் வரும் கருப்பு, முகத்தில் அதிகம் இல்லை. பிளேட் மாற்றி ஓட்டியதும் கன்னம் சுத்தம். ஆனால் ஆலிவ், காக்கி உடைகள் உள்ள ஃபார்ம்களில் (ஒரே ஷீட்டில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுப்புகளில்) கருப்பும் யெல்லோவும்தான் ராஜ்ஜியம் செய்கின்றன. அவற்றைப் பழைய ஆங்கிளிலேயே விட்டுவிட்டேன்.