யாருக்கு யார் மேலதிகாரி?

பெங்களூரில் என்ஏஎல் என்னும் விமானவியல் ஆய்வகத்தில் வேலை என்றால் ஊரில் பாதிப்பேர் இஸ்ரோவா என்பார்கள், மீதிப்பேர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவா என்பார்கள். இரண்டும் இல்லை, சிஎஸ்ஐஆர், அதாவது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆனால் அங்கே வேலை நடக்கும் விதம் முழுக்க அந்த மூன்றாவது பதிலில்தான் இருக்கிறது.

1959இல் டெல்லியில் தொடங்கி, மறு வருடமே பெங்களூருக்கு வந்த ஆய்வகம் இது. சிஎஸ்ஐஆர் ஒரு பதிவுபெற்ற சங்கம். பிரதமராக இருப்பவர்தான் அதற்குத் தலைவர். கேட்கப் பெருமையாக இருக்கும். நடைமுறையில் எங்கள் இயக்குநர் பதில் சொல்ல வேண்டியது டெல்லியில் இருக்கும் தலைமை இயக்குநருக்கு.

நான் இருந்தது திட்டப் பிரிவில். இயக்குநருக்குத் துணையாக உள்ள இரண்டு குழுக்களுக்கும் கூட்டப் பொருள்நிரல் தயாரிக்கும் வேலை. ஆய்வுக் குழுவில் பெரும்பாலும் வெளி நிபுணர்கள். எதை ஆராயலாம் என்று சொல்வார்கள். நிர்வாகக் குழு பார்ப்பது ஆய்வகத்தின் உள்வீட்டு விவகாரம். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: விஞ்ஞானிகளை வயதுவாரியாகப் பார்த்துச் சேர்ப்பதால், இளையவர் ஒருவரும் இயக்குநரோடும் நிதி அதிகாரியோடும் ஒரே மேஜையில் உட்காருவார். வாய் திறப்பாரா என்பது வேறு விஷயம். நாற்காலி அவருக்கு விதிப்படியே உண்டு.

கீழே வந்தால் டிவிஷன்கள்: காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துவிசை, பொருளறிவியல் என்று. ப்ராஜெக்ட்டோ எல்லா டிவிஷனிலிருந்தும் ஆள் எடுக்கும். ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது டிவிஷன் தலைவர். வேலை வாங்குவது ப்ராஜெக்ட் தலைவர். ஆகவே நல்ல ப்ராஜெக்ட் தலைவர் என்றால் பாதி விஞ்ஞானி, பாதி கல்யாணத் தரகர்.

இதைவிடச் சுவையானது டனல் விவகாரம். விமானம், ராக்கெட் போன்றவற்றின் சிறு மாதிரிகளை வைத்து அவற்றின் மேல் வேகமாகக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும், 1967 முதல் ஓடும் 1.2 மீட்டர் ட்ரைசானிக் (ஒலி வேகத்துக்குக் கீழும், அதை ஒட்டியும், அதற்கு மேலும்) காற்றுச் சுரங்கம் அது. பக்கத்துச் சாலைக்கே விண்ட் டனல் ரோடு என்றுதான் பெயர். கம்ப்ரஸர் ஓடித் தொட்டிகளில் காற்றை ஏற்ற வேண்டும். வால்வைத் திறந்தால் சில பத்து நொடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். மறுபடியும் ஏற்ற வேண்டும். அதனால் டனலில் கிடைக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டும் தங்கம். இஸ்ரோவின் ராக்கெட், டிஆர்டிஓவின் ஏவுகணை, தேஜஸ் போர் விமானம் என எல்லாவற்றின் மாதிரிகளுக்கும் அதே டனல். ஆனால் இஸ்ரோ விண்வெளித் துறை, மற்றவை பாதுகாப்பு அமைச்சகம். நாங்கள் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம். யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. கடிதம், ஒப்பந்தம், கட்டணம், அப்புறம் நிறைய ஃபோன்.

இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டனல் ஒரே அமைச்சகத்தின் கையில் இருந்திருந்தால், மற்றவர்களின் மாதிரிகள் மூலையில் கிடந்திருக்கும்.

ஆனால் சொந்தமாக விமானம் செய்ய இறங்கும்போது இதே சுதந்திரம் காலை வாரும். எங்கள் சிறிய பயணிகள் விமானமான சரஸ் 2004 மே 29 அன்று முதல் முறை பறந்தது. அப்படியொரு விமானத்துக்குப் பணம் ஒரு அமைச்சகத்திடம், சான்றிதழ் இன்னொன்றிடம், அதை வாங்கி ஓட்ட வேண்டியவரோ மூன்றாம் இடத்தில். டனலுக்கு வரிசையில் நிற்கப் பலர் வந்தார்கள். விமானத்துக்கு அப்படி யாராவது முதலிலேயே வந்து நின்றிருக்க வேண்டும்.