ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம்

காங்கேயம் பக்கத்தில் என் பள்ளித் தோழி கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறாள். ஐப்பசியில் காங்கேயம் மாடு பார்க்க வருகிறேன் என்று சொன்னதற்கு, "புதன்கிழமையா வா. அன்னைக்கு ஊசி போடற நாள். மொதல்ல எங்க சமுதாயக் கூடத்தைப் பாரு, அப்புறம் மாட்டைப் பாக்கலாம்" என்றாள். மாட்டை மறுநாள் பார்த்தேன், அதைத் தனியாக எழுதுகிறேன். இது அந்தக் கூடத்தைப் பற்றியது.

காலை எட்டரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டோம். உள்ளே சுற்றிலும் 4 ஐஸ் பொட்டலம், நடுவில் மருந்துக் குப்பிகள். ஸ்கூட்டரில் முன்னால் பெட்டி, பின்னால் நான். தாராபுரம் ரோட்டை விட்டு இறங்கியதும் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை, தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது, நடுநடுவே வெள்வேல மரங்கள். மழை குறைவான இந்தச் சீமையில் மாடும் ஆடும் பிழைக்க முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு இது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் வந்த பிறகும் இந்தப் பக்கம் கடைமடைதான். தண்ணீர் விடும் முறைக்காகக் காத்துக் கிடப்பதே பாதி விவசாயம். தூரத்தில் ஊதியூர் மலை நீலமாகத் தெரிந்தது. தோழி வண்டியை நிறுத்தவே இல்லை. "ஐஸ் உருகறதுக்குள்ள போகோணும்" என்றாள்.

கூடம் பார்வைக்குச் சாதாரணக் கட்டடம்தான். நீளமான ஒரே ஹால், பக்கவாட்டில் இரண்டு அறை, முன்னால் சிமெண்ட் திண்ணை, ஒரு வேப்பமரம். ஒட்டினாற்போல் அங்கன்வாடி. எதிரே தொடக்கப் பள்ளி. சுவரில் நவம்பர் 1 கிராம சபைக் கூட்டத்துக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தது. பக்கத்து அறை ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் பகுதிநேர ரேஷன் கடை நடக்கிறது. முன்பெல்லாம் அரிசி வாங்க 3 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததாம்.

நாங்கள் போய் இறங்கியபோதே திண்ணையில் ஏழெட்டுத் தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, எந்தூருங்க? தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். கொங்கு நாட்டில் யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் இந்தத் தண்ணீர்தான் முதலில் வரும். கூடத்தின் சாவி இருப்பது அந்த ஆத்தாவிடம். வீடு எதிரிலேயே. ராத்திரி எந்நேரம் தட்டினாலும் எழுந்து வந்து திறந்துவிடுவார் என்று தோழி சொன்னாள்.

ஆத்தா கதவைத் திறந்து, அலமாரிக்கு மேலிருந்து ஒரு பவானி ஜமக்காளத்தை எடுத்துப் போட்டார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்ட கனத்த ஜமக்காளம். சுத்தமான நூலில் கையால் நெய்தது என்று தொட்டாலே தெரிந்தது. ஒருவர் விரித்தால் சுருங்கும், இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

அதற்கு மேல் அங்கே நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எடை பார்ப்பது, அட்டையில் எழுதுவது, 45 நாள் ஊசி, சொட்டு மருந்து, ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ரூபெல்லா ஊசி, குழந்தைகளின் அழுகை. அங்கன்வாடி டீச்சர் கர்ப்பிணிகளுக்கு இணை உணவு மாவுப் பொட்டலம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஊசி போட்ட குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கூடம் புரிந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஜமக்காளத்தில் பதினொரு தாய்மார். வேறு வேலை எதுவும் கிடையாது, கிளம்பவும் முடியாது. ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, தனக்குப் பால் பத்தவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் குழந்தையை மார்பில் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று காட்டினாள். இன்னொருத்தி மாமியார் சொல்லிக் கழுதைப்பால் புகட்டியதைச் சொல்ல, தோழி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் வேண்டாம் என்று பொறுமையாகப் பேசினாள். அங்கன்வாடி டீச்சர் அதற்கிடையில் ஒரு பெண்ணின் மகப்பேறு நிதி எந்தத் தவணையில் நிற்கிறது என்று போனில் பார்த்துச் சொன்னார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாயில் 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஒரு காகிதம் விடுபட்டால் அப்படியே நின்றுபோகும். அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருந்தது. அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காங்கேயத்துக்கு அலையாமல், ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள். காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய் உலர்த்தும் களங்களும் அரிசி ஆலைகளும் நிறைய உண்டு. களத்திலேயே தகரக் கொட்டகையில் குடும்பமாகத் தங்கி வேலை செய்கிறார்கள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். இரண்டாவது குழந்தை இப்போது வயிற்றில். அவளுக்குப் பிக்மி என்கிற அரசுக் கர்ப்பப் பதிவு போட்டு, 12 இலக்க எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்தாள் தோழி. அந்த எண் இல்லாமல் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் சிக்கலாகிவிடும். அவளுடைய மூத்த பையன் அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகளோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆயா, முட்டை எங்க?" என்று கொங்குத் தமிழில் கேட்டான். அவன் தட்டில் முட்டை இல்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

தாய்மார் பேசிக்கொண்டிருக்கையில் ஆத்தா என்னை இன்னொரு அறைக்குக் கூட்டிப் போனார். அறை முழுக்கப் பாத்திரம். அண்டா, தேக்சா, குண்டா, சாரணி, சாப்பாட்டு வாளிகள், நீளக் கரண்டிகள், தாம்பாளம். பாதிப் பாத்திரங்களில் "நினைவாக" என்று பெயர் வெட்டியிருந்தது. செத்துப் போன அப்பாரு, அமுச்சி (தாத்தா, பாட்டி) பேரில் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை. மீதி மகளிர் குழுவின் சேமிப்பில் வாங்கியவை. காதுகுத்து, சீர், வளைகாப்பு, நோம்பி எதற்கும் இங்கிருந்துதான் பாத்திரம் போகும். வாடகை சொற்பம். ஒரு நோட்டில் என்ன போனது, என்ன வந்தது என்று எழுதி வைக்கிறார்கள்.

"எழவு ஊட்டுக்கு மட்டும் வாடகை இல்லீங்க அம்மிணி" என்றார் ஆத்தா. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அன்றைக்கு இந்தக் கூடத்தின் பின்பக்கம்தான் சோறாகும். ராத்திரியில் கதவைத் தட்டுவது அதற்குத்தான். அந்த நேரத்தில் யாரிடமும் போய் நின்று கேட்க வேண்டியதில்லை, சாவி இருக்கும் வீடு எல்லோருக்கும் தெரியும்.

நான் அவரிடம், இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் உண்டு. கூடம் ஊரின் நடுவில் இல்லை. ஊர் ஒரு பக்கம், அருந்ததியர் குடும்பங்கள் இருக்கும் கீழ்வளவு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, புறம்போக்கில் நிற்கிறது.

ஆத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். முதலில் அளந்தது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து இடத்தை. அப்போது மகளிர் குழு ஆரம்பித்துக் கொஞ்ச வருடம் ஆகியிருந்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் குழுவில் இருந்தார்கள். கூட்டம் போட இடம் இல்லாமல் பள்ளிக்கூட மரத்தடியில் கூடிக்கொண்டிருந்தார்கள். கிராம சபையில் எழுந்து, கட்டடம் அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே வரட்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான். "கோயிலுக்குப் பக்கத்துல கட்டுனா கீழ்வளவுப் புள்ளைக வராதுங்க. வராதுன்னு நாங்க சொல்லலே, அவீகளே சொன்னாங்க. அப்பறம் எதுக்குங்க கட்டோணும்?" சிலருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல்கூட இருந்திருக்கிறார்கள். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது.

இதைக் கேட்டபோது எனக்கு என் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலும் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. இதைவிடப் பெரியது, தரை டைல்ஸ் போட்டது. கோயில் வீதிக்குள் கட்டினார்கள். என் நினைவு தெரிந்து ஊரின் பாதிக் குடும்பங்கள் அதற்குள் கால் வைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லையே என்று பெரியவர்கள் சொல்வார்கள். தடுக்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த வீதிக்குள் வருவதற்கே தயங்கியவர்கள் கூடத்துக்கு எப்படி வருவார்கள்? நானும் அதற்குள் எத்தனையோ விசேஷத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு முறைகூட இதை யோசித்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் ஆத்தாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் தன் வேலைக் கணக்கில் பதில் சொன்னாள். கூடம் வருவதற்கு முன்னால் ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் ஊசி போடுவார்களாம். கீழ்வளவுத் தாய்மார் அங்கே வரமாட்டார்கள், வந்தாலும் தள்ளி நிற்பார்கள். அப்போதிருந்த செவிலியர் இங்கே முடித்துவிட்டு அங்கே தனியாகப் போவார். தட்டம்மை ரூபெல்லா மருந்தைக் கலக்கிவிட்டால் 4 மணி நேரம்தான் தாங்கும், அதற்குப் பிறகு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே போகும்போது நேரம் முடிந்திருந்தால் ஒரு குழந்தைக்காகப் புதுக் குப்பி உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புதன்கிழமை. "அடுத்த புதன்னு சொன்னா, அவங்க கூலிக்குப் போயிருப்பாங்க. அப்படியே ஒரு மாசம் தள்ளிப் போயிரும்" என்றாள். இப்போது ஒரே இடம், ஒரே குப்பி, பட்டியலில் விடுபட்ட பெயர்கள் குறைந்துவிட்டன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது. பெண்கள் அரை நாள் உட்காரும் இடத்தில் இது எவ்வளவு பெரிய குறை என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகுகிறது. இன்னொன்றையும் ஆத்தாவே ஒளிக்காமல் சொன்னார். "ஊசி போடறக்கு ஒண்ணா உக்கார்றாங்க, கூட்டத்துக்கு ஒண்ணா உக்கார்றாங்க. விசேஷத்துல பந்தி இன்னும் அப்படி ஆகலீங்க." பாத்திரம் இரண்டு பக்கமும் போகிறதா என்று கேட்டேன். போகிறது. ஒரே அண்டாதான். ஆரம்பத்தில் அதற்கும் முணுமுணுப்பு இருந்ததாம். "தனியா வாங்கறதுக்குப் பணம் இருந்தா வாங்கிக்கச் சொல்லிட்டோமுங்க" என்றார். யாரும் தனியாக வாங்கவில்லை.

பொழுதோட பிள்ளைகள் படிக்க வருவார்கள் என்றார்கள். 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த ஒரு பெண், இப்போதும் மாலையில் வந்து சொல்லிக் கொடுக்கிறாள். அவள் வீடு கீழ்வளவில். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது, ஆனால் மதியத்துக்கு மேல் மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஊசி போட்ட குழந்தைக்கு அரை மணி நேரம் முடிந்தது. காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொல்லிப் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பினாள் தோழி. ஜமக்காளத்தை உதறி மடிக்க, ஒரு முனையை ஒடிசாப் பெண் பிடித்தாள், மறுமுனையைக் கீழ்வளவிலிருந்து வந்த இளம்பெண். வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்காரி குனியக் கூடாது என்று ஆத்தா அவளை விலக்கிவிட்டுத் தானே அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணு செரியாத் தெரியலீங்க, நீங்க எழுதுங்க அம்மிணி." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். புதன்கிழமை. ஊசி. குழந்தைகள் 11. ஜமக்காளம் 1, திரும்ப வைத்தாச்சு.